முள்ளெலி வளர்க்கலாமா என்று கேட்ட மச்சினனுக்கு

மிங்கலா தாங்ஞுன்ட், யாங்கோன்
வியாழக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு

பாசத்துக்குரிய மச்சினன் பீர் முகைதீன் அவர்களுக்கு, உங்கள் மச்சான் இனாயத்துல்லா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். நான் இங்கு அல்லாஹ் கிருபையால் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். முதல் வரியிலேயே பொய் வேண்டாம் என்று நிறுத்திவிட்டேன். மாவ்பியில் தாங்களும், தங்கள் துணைவியாரும், மகள் உஸ்மாவும், தோட்டத்து வாழைகளும், மேற்படி வீட்டில் தற்சமயம் தங்கியிருக்கும் தங்கள் மூத்த சகோதரியும் என் மனைவியுமாகிய ரஹீமாவும் பூரண சுகத்துடன் இருக்க துஆச் செய்கிறேன். ரஹீமாவின் முட்டி வலிக்காகத் தனியாகவும் ஒரு துஆ செய்கிறேன். அதை அவளிடம் சொல்ல வேண்டாம். சொன்னாலும் நம்ப மாட்டாள்.

இந்தக் காலத்தில் காகிதத்தில் கடிதம் எழுதுகிறவன் கோர்ட்டுக்குப் போகிறவனாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிறுக்கனாக இருக்க வேண்டும் என்கிறான் என் மகன் ஆமிர். எனக்கு வேறு வழியில்லை. போன் போட்டால் உங்கள் லாத்தா, அதாவது ரஹீமா, பக்கத்தில் நிற்கிறாள். குரலைப் பதிவு பண்ணி அனுப்பினால் உஸ்மா அதை ஸ்பீக்கரில் போட்டு வீட்டுக்கே கேட்க வைக்கிறாள். காகிதம் என்றால் உங்கள் வீட்டில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் நீங்களும் உங்கள் லாத்தாவும் மட்டும்தான். அவளோ புறப்பட்ட கோபத்தில் கண்ணாடியை இங்கே அலமாரி மேல் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். ஆகையால் தைரியமாக எழுதுகிறேன். மாவ்பி பஸ் டிரைவர் கையில் கொடுத்து விடுவதாக உத்தேசம். தனியாக உட்கார்ந்து வாசிக்கவும்.

தாங்கள் போன வாரம் போனில் கேட்டீர்கள்: "மச்சான், உஸ்மா முள்ளெலி ஒண்ணு வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. நீங்கதான் வளக்குறீங்களே, நம்ம வீட்டுக்கு அது சரிப்பட்டு வருமா?" அன்றைக்கு நான் "யோசிச்சுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். யோசிக்க ஒன்றுமில்லை. உங்களுக்குப் பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். உங்கள் லாத்தா கோபமாக இருக்கும்போது ஒரு சின்னக் கரண்டியைக் கூட அண்டாவைக் கழுவுகிற மாதிரிதான் கழுவுவாள். அதனால்தான் போனை வைத்தேன். இப்போது என் பதிலை விவரமாகச் சொல்கிறேன், உங்கள் வீட்டுக்கு இது சரிப்படுமா படாதா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

என் மகள் ஸமீராவின் மாப்பிள்ளைக்கு மாந்தலேயில் வேலை கிடைத்து, அவர்கள் வீடு மாறினார்கள் அல்லவா, அப்போது வந்ததுதான் இந்த வினை. அதற்குச் சில மாதம் முன்னால்தான் நான் குடைக் கடையை ஆமிர் கையில் ஒப்படைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். மழை வந்தால் கூட சந்தோஷம் இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்து, யார் யார் குடை கம்பி ஒடிந்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருப்பேன். ஸமீரா ஒரு கூண்டைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தாள். உள்ளே ஒரு சக்கரம், ஒரு கிண்ணம், ஒரு துணிப் பை. அந்தப் பைக்குள்ளே முள்ளாக ஒரு உருண்டை. "வாப்பா, நீங்க சும்மாதானே இருக்கீங்க, உங்களுக்குத் துணையா இருக்கும். ஒரு வேலையும் கிடையாது, பகல் முழுக்கத் தூங்கும்" என்றாள். தம்பி, ஒன்று கவனியுங்கள். பகல் முழுக்கத் தூங்குகிற ஒன்று எனக்கு எப்படித் துணையாகும் என்று அவளும் யோசிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. சுருண்டு கிடக்கிறபோது பெரிய ஜாதிக்காய் மாதிரி இருந்ததால் அதற்கு ஜாதிக்கா என்று பேர் வைத்தேன். பேர் வைத்ததுதான் முதல் தப்பு. பேர் வைத்த பிறகு எதையும் திருப்பிக் கொடுக்க முடியாது.

இரண்டாவது தப்பு, தடவிக் கொடுக்கப் பார்த்தது. பூனையைத் தடவுகிற மாதிரி கையை நீட்டினேன். குக்கர் சீறுகிற மாதிரி ஒரு சீறல், உடனே ஒரு குதி, என் அஞ்சு விரலிலும் முள்ளு. ரஹீமா மஞ்சளை அரைச்சுப் போட்டுக்கிட்டே, "அதுக்கு உங்களப் பிடிக்கல, விட்டுருங்களேன்"ன்னா. "பழகணும், பொறுமை வேணும்"னு நான் சொன்னேன். ராத்திரி ஆனா அது முழிச்சுக்கும், சக்கரத்துல ஏறி ஓடும். எங்க போறதுக்கு இவ்வளவு ஓட்டம்னு தெரியாது, விடியிற வரைக்கும் கடகடன்னு ஓடிட்டு, நாம எந்திரிக்கிற நேரத்துக்குப் பையில போய்ப் படுத்துக்கும். கீழ் மாடியில இருக்கிற பர்மாக்கார அம்மா டோ கின் ஏ ஒருநாள் காலையில மேல வந்துட்டாங்க. சண்டைக்குத்தான் வர்றாங்கன்னு நினைச்சு நான் மன்னிப்பெல்லாம் தயார் பண்ணி வச்சிருந்தேன். அந்தம்மா குரலைத் தாழ்த்திக்கிட்டு, "ஊ இனாயத், கரண்ட் இல்லாத நேரத்துலயும் உங்க வீட்டுல என்னமோ மெஷின் ஓடுதே. ஜெனரேட்டர் வாங்கிட்டீங்களா? எங்களுக்கும் ஒரு லைன் குடுங்க, ஒரு பல்பும் ஒரு காத்தாடியும் மட்டும் போட்டுக்குறோம்"னாங்க. நான் கூண்டைத் தூக்கிக் காட்டினேன். அவங்க நம்பல. ஒத்த எலி இவ்வளவு சத்தம் போடாது, எனக்குக் குடுக்க மனசில்லாம எதையோ காட்டுறாருன்னு நினைச்சுக்கிட்டாங்க. அன்னைலருந்து படியில எதிர்ப்பட்டா முகத்தைத் திருப்பிக்கிறாங்க. மீன் சாறு ஊத்தின மொகிங்கா செய்ற அன்னைக்கு எங்களுக்கு ஒரு கிண்ணம் குடுத்தனுப்புவாங்களே, அதுவும் நின்னு போச்சு.

சரி, சாப்பாட்டுக்கு வர்றேன். உஸ்மா அதுக்குச் சோறு போடலாம், பிஸ்கட் போடலாம்னு நினைச்சுக்கிட்டு இருந்தா அந்த நினைப்பை விடச் சொல்லுங்க. அதுக்குப் புழு வேணும். உயிரோட நெளியிற புழு. பறவைத் தீனி விக்கிற கடையில தவிட்டோட கலந்து குடுப்பாங்க. அதை வைக்க மூடி போட்ட டப்பா வேணும்னு நான் அடுப்படியில தேடினேன், பாலாச்சாங் டப்பா ஒண்ணு காலியா இருந்துச்சு, அதுல போட்டு வச்சேன். வச்சதை ரஹீமாகிட்டச் சொல்லல. மறந்து போச்சு. மறுநாள் அவளோட சிநேகிதி நூர் பீவி பகல் சாப்பாட்டுக்கு வந்திருந்தாங்க. சோறு, பருப்பு, புளிச்சக்கீரைக் குழம்பு எல்லாம் வச்சுட்டு, "பாலாச்சாங் போட்டுக்கோ, கருவாட்டு எறா போட்டு நானே வறுத்தது"ன்னு உங்க லாத்தா அந்த டப்பாவை நீட்டுறா. நூர் பீவிக்குக் கண்ணுல புரை. அவங்களும் ஒரு கரண்டி அள்ளிச் சோத்து மேல போட்டுட்டாங்க. போட்டுட்டுக் கொஞ்ச நேரம் தட்டையே பாத்தாங்க. அப்புறம் ரொம்ப மெதுவா, "ரஹீமா, எனக்குக் கண்ணு சரியில்லாததாலயா என்னன்னு தெரியல, உன் பாலாச்சாங் நடக்குதுடி"ன்னாங்க. அந்தம்மா அதுக்கப்புறம் எங்க வீட்டுல தண்ணி கூட குடிக்கிறதில்ல.

அதோட விட்டுச்சா? எதிர் வீட்டு மாஹிரை உங்களுக்குத் தெரியும், கப்பல் கம்பெனியில டைப் அடிச்சு ரிட்டயர் ஆனவர். எங்கே இங்கிலீஷைப் பாத்தாலும் நின்னு சத்தமா வாசிப்பாரு. கூண்டு வந்த அட்டைப் பெட்டியை நான் வாசல்ல போட்டிருந்தேன். அதுல 'ஹெட்ஜ்ஹாக்'னு எழுதியிருந்துச்சு. "ஹாக்னா பன்னியாச்சே!"ன்னு சொல்லிட்டாரு. அவர் கெட்ட எண்ணத்துல சொல்லல, அர்த்தம் தெரியிறதைச் சொல்லாம இருக்க அவரால முடியாது, அவ்வளவுதான். ஆனா வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குள்ள, குடைக்கடை இனாயத்துல்லா மூணாவது மாடியில பன்னிக்குட்டி வளக்குறான்னு தெரு முழுக்கப் பேச்சு. நான் போய் நிக்கிற வரிசையில எனக்கு ரெண்டு பக்கமும் ஆள் தள்ளித் தள்ளி நிக்கிறாங்க. சாயங்காலம் மௌலவி சாஹிபே நேர்ல வந்துட்டாங்க. நல்ல மனுஷர். கூண்டுப் பக்கம் குனிஞ்சு பாத்தாங்க. ஜாதிக்கா அன்னைக்குன்னு பாத்து மூக்கை நீட்டி அவரை மோந்து பாத்துச்சு. "இது பன்னி இல்ல, முள்ளெலி. எங்க வாப்பா அவங்க ஊர்க் காட்டுல பாத்ததாச் சொல்லியிருக்காங்க"ன்னாங்க. எனக்கு உயிர் வந்துச்சு. அப்புறம் அவங்க நிமிந்து, "ஆனா இனாயத்துல்லா பாய், எலியை விரட்டுறதுக்குத்தான் எல்லாரும் பாடுபடுறாங்க. நீங்க அதுக்குக் கூண்டும் சக்கரமும் வாங்கி வச்சிருக்கீங்களே, ஏன்?"னு கேட்டாங்க. பரிகாசமாக் கேக்கல, நிஜமாவே தெரிஞ்சுக்கத்தான் கேட்டாங்க. நான் கூண்டைத் துடைக்கிற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன். உள்ள சாயா போட்டுக்கிட்டிருந்த ரஹீமா எட்டிப் பாத்து, "அவருக்குப் பேச ஆள் வேணுமாம்"னா. சாயாவை வைக்கும்போது சாஸர் டக்குனு சத்தம் போட்டுச்சு.

அதை நான் அப்பவே புரிஞ்சிருக்கணும். விஷயம் என்னன்னா, கடையில இருக்கிற வரைக்கும் காலையிலருந்து ராத்திரி வரைக்கும் பேச்சுதான். "வாங்கம்மா, இது காத்துக்குத் திரும்பாது, கம்பி ஸ்டீலு, பிரிச்சுப் பாருங்க." வீட்டுக்கு வரும்போது வாயில பேச்சு மிச்சம் இருக்காது. ரஹீமாவும் அதுக்குப் பழகிட்டா. இப்பக் கடை இல்ல, பேச்சு மட்டும் உள்ளேயே கிடக்கு. அதை நான் ஜாதிக்காகிட்டக் கொட்ட ஆரம்பிச்சேன். "என்ன ராஜா, தூங்கி எந்திரிச்சாச்சா? சாப்பிட்டீங்களா? வெயில் அடிக்குதா? காத்தாடியைப் போடட்டுமா?" அது திரும்பியே பாக்காது. நானும் விடமாட்டேன். வெயில் காலத்துல கரண்ட் போனா அது பக்கத்துல உக்காந்து விசிறியால வீசுவேன். அதே அறையில உங்க லாத்தா முந்தானையால வீசிக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டு இருப்பா. அது ஒண்ணும் என் கண்ணுல படல.

ஒருநாள் என் தொழுகைத் தொப்பி கூண்டு மேல கிடந்திருக்கு. அதுல அத்தர் பூசியிருந்தேன். ஜாதிக்கா அதை இழுத்துக் கடிச்சிருக்கு. நான் பாக்கும்போது வாயெல்லாம் நுரை. கழுத்தை முறுக்கித் திருப்பி, அந்த நுரையை எடுத்துத் தன் முதுகு முள்ளு மேலயே நக்கி நக்கிப் பூசுது. வெறி பிடிச்சிருச்சு, இல்ல விஷம்னு நினைச்சுட்டேன். கைலியோட, செருப்பு கூடப் போடாம, அதைத் துண்டுல சுத்திக்கிட்டு ஓடினேன். படியில டோ கின் ஏ, தெருவுல மாஹிர், எல்லாரும் பாத்தாங்க. கால்நடை டாக்டரம்மா சின்னப் பொண்ணு, தனகாப் பட்டை அரைச்சுப் பூசின முகம். நான் அழுதுக்கிட்டே அத்தனையும் சொல்லி முடிக்கிற வரைக்கும் பொறுமையாக் கேட்டாங்க. அப்புறம், "ஒண்ணுமில்ல தாத்தா, புது வாசனை ஏதாவது பட்டா இது இப்படித்தான் செய்யும்"னாங்க. அவ்வளவுதான். எனக்குத்தான் வரிசையில நின்னவங்க எல்லாரும் தண்ணி குடுக்க வேண்டியதாப் போச்சு. நான் அழுத சேதி எனக்கு முன்னாடியே வீட்டுக்குப் போயிருச்சு. ரஹீமா ஒண்ணுமே சொல்லல. சோறு போட்டா. அவ ஒண்ணும் சொல்லாதது எனக்கு நிம்மதியா இருந்துச்சு, பாருங்க என் புத்தியை.

அப்புறம்தான் போன குளிர் மாசம். அந்த வாரம் காலையில நல்ல பனி. நான் ஸுபுஹுக்கு எந்திரிச்சுப் பாத்தா ஜாதிக்கா சக்கரத்துப் பக்கத்துல தளந்து கிடக்கு. தொட்டா சில்லுனு இருக்கு, சீறக் கூட இல்ல. குளிர் தாங்காம இது மயங்கிப் போயிரும்னு, அப்படியே விட்டா செத்துரும்னு டாக்டரம்மா எச்சரிச்சிருந்தாங்க. சூடு குடுக்கணும். எதிரே பாத்தேன். ரஹீமா கட்டில்ல தூங்குறா. அவ முட்டி மேல வெந்நீர் ரப்பர் பை. தம்பி, நான் வேற எதையும் யோசிக்கல. பையை மெதுவா எடுத்து, துணியில சுத்தி, ஜாதிக்காவுக்கு அடியில வச்சேன். கொஞ்ச நேரத்துல அது மூக்கை அசைச்சுச்சு. எனக்கு வந்த சந்தோஷம்! "எந்திரிச்சுட்டீங்களா ராஜா, வலிக்குதா, எங்க வலிக்குது?"ன்னு கேட்டுக்கிட்டு இருக்கேன், பின்னால குரல் வருது.

"எனக்கு இங்க வலிக்குது."

திரும்பிப் பாத்தேன். சுவரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா.

"ரஹீமா, அது செத்துப் போயிருக்கும்."

"செத்திருக்கக் கூடாதுதான். நான் அதைச் சொல்லல. என்னை எழுப்பிக் கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்ல? வெந்நீர் வச்சும் குடுத்திருப்பேன். நீங்க கேக்கல. இந்த வீட்டுல எதுக்காச்சும் என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கீங்களா? அதுகிட்ட எங்க வலிக்குதுன்னு கேக்குறீங்க. அதுக்கு வாயே கிடையாது. எனக்கு இருக்கு."

நான் பதில் சொல்லியிருக்கணும். என்ன சொல்றதுன்னு யோசிச்சேன். கடையில ஒரு குடையை விக்க நூறு வார்த்தை வரும், அன்னைக்கு ஒண்ணு கூட வரல. அவ பையில துணி அடுக்குற வரைக்கும் யோசிச்சேன். ஆமிர் வந்து பஸ் ஏத்திவிட்டுட்டான். மத்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

இப்ப வீடு எப்படி இருக்குன்னு சொல்றேன். நான் சோறு ஆக்குறேன், ஒருநாள் கஞ்சியாப் போகுது, ஒருநாள் கருகிப் போகுது. ரெண்டுக்கும் ஜாதிக்காகிட்டக் கருத்து கேட்டேன். அது முதுகைக் காட்டிப் படுத்துக்கிச்சு. அதுக்கு என் மேல கோபம் இல்ல, பிரியமும் இல்ல. அது அப்படி ஒரு பிறவி. காட்டுல கூட தனியாத்தான் திரியுமாம், ஜோடியே வேண்டாமாம், ஒரு கூண்டுல ரெண்டைப் போட்டா கடிச்சுக்குமாம். தனியா இருக்கவே பிறந்ததுகிட்டப் போய் நான் துணை தேடியிருக்கேன். ரஹீமா எத்தனை வருஷமா எனக்குப் பதில் சொல்லக் காத்துக்கிட்டு இருந்திருக்கா. நான் எதையும் கேக்கவே இல்ல. இப்ப நான் பேசுறதை நிறுத்திட்டேன். அதுக்கு வித்தியாசமே தெரியல. சக்கரம் மட்டும் ஓடுது.

ஆகையால் மச்சினரே, என் முடிவான ஆலோசனை: வாங்க வேண்டாம். உஸ்மாவிடம் உறுதியாகச் சொல்லிவிடுங்கள். மடியில் வைத்துக் கொஞ்ச வேண்டும் என்றால் பூனை. பேச ஆசை என்றால் மைனா. முள்ளெலி, தன்னைத் திரும்பிப் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை என்று தினமும் கூண்டைத் துடைக்கத் தயாராக இருப்பவர்களுக்கு மட்டும்தான். உங்கள் வீட்டில் அப்படிப்பட்டவர் யாரும் இல்லை. டாலாவில் ஜாபிர் என்றொரு பள்ளி ஆசிரியர் இருக்கிறார், இந்த மாதிரிப் பிராணிகளைப் பிரியமாக வளர்ப்பவர். நாளை ஜும்ஆ முடிந்ததும் படகேறி வந்து ஜாதிக்காவை எடுத்துக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறார். வாக்குக் கொடுத்துவிட்டேன். இதை உங்கள் லாத்தாவிடம் சொல்லுங்கள். அதைக் கொடுத்துவிட்டால் அவள் வரவேண்டும் என்று நான் பேரம் பேசவில்லை. அவள் வந்தாலும் வராவிட்டாலும், இந்த ஞாயிற்றுக்கிழமை நான் மாவ்பிக்கு வந்து, அவள் முட்டிக்கு என்ன என்று அவளிடமே கேட்கப் போகிறேன். என்னை வாசலில் நிறுத்திவிடாதீர்கள்.

தங்கள் துணைவியாருக்கு என் ஸலாம். உஸ்மாவுக்கு நல்ல ஸாலிஹான மாப்பிள்ளையும் நல்ல புத்தியும், குறிப்பாகப் பின்னதும் கிடைக்கட்டும். உங்கள் வாழைக்குப் புயல் காற்று படாமல் இருக்கட்டும். அல்லாஹ் நம் எல்லாக் குடும்பங்களையும் ஒன்றாக வைப்பானாக.

இப்படிக்கு,
தங்கள் மச்சான்,
செ. மு. இனாயத்துல்லா

பின்குறிப்பு: வெள்ளி சாயங்காலம். இன்று காலையில் இந்தக் கடிதத்தை ஒட்டி, பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பக் கதவைத் திறந்தால் வாசலில் உங்கள் லாத்தா நிற்கிறாள். கையில் மூங்கில் கூடை. மேலே முருங்கைக் கீரை, கீழே ஒரு முள்ளெலி. என்ன மச்சினரே இது? வாங்கலாமா என்று நீங்கள் போனில் கேட்டபோதே அது உங்கள் வீட்டுக்கு வந்து பத்துப் பதினைந்து நாள் ஆகியிருந்ததாமே! உஸ்மாவுக்கு அலுத்துப் போய், வெங்காய மூட்டை போடுகிற அறையில் தள்ளி, வயல் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று நீங்கள் பேசிக்கொண்டீர்களாமே! அதைக் கேட்டுத்தான் இவள் கூடையைத் தூக்கியிருக்கிறாள். பஸ்ஸில் கண்டக்டர் முள்ளைப் பார்த்துவிட்டு, டூரியன் பழம் ஏற்றக் கூடாது, நாறும் என்று சண்டை போட்டிருக்கிறான். "மோந்து பாருப்பா" என்று இவள் கூடையை நீட்டியிருக்கிறாள். அவன் மூக்கில் குத்திவிட்டதாம். ஆகவே மேலே நான் எழுதியது எதுவும் செல்லாது. ஜாபிர் வந்தார், ரஹீமா அவருக்கு சாயாவும் சமோசாவும் கொடுத்து வெறுங்கையோடு அனுப்பிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை நான் வரவில்லை. இரண்டும் ஒரே அறையில் இருக்கக் கூடாது என்பதால் ஜாதிக்காவுக்கு ஹாலையும் புது ஆளுக்குப் படுக்கையறையையும் ஒதுக்கியாகிவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் அடுப்படியில் பாய் போட்டிருக்கிறோம். முட்டி வலி இடது காலில்தானாம். நான் இத்தனை நாளும் வலது கால் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது உங்கள் லாத்தா, கண்ணாடி கைக்கு வந்த பிறகும், என் தோளுக்குப் பின்னால் நின்று, நான் எழுதுகிற ஒவ்வொரு வரியையும் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். உங்களிடம் ஒரு கேள்வி கேட்டு எழுதச் சொல்கிறாள், கோபமாக இருக்கிறாள், உடனே பதில் போடவும்: அத்தனை நாள் வீட்டில் வைத்திருந்தீர்களே, அதற்கு ஒரு பேர் கூடவா வைக்கவில்லை?